டைப்பிங் அக்கா போட்ட பூட்டு

அந்தத் தெருவில் யாருக்கு என்ன நோய் என்பது இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருவர், நோய் வந்தவர். இன்னொருவர், டைப்பிங் அக்கா. டாக்டரைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அடுத்த ஆள் உள்ளே வந்து உட்காருவதற்குள் அவர் மறந்திருப்பார். நோய் வந்தவரும் எப்படியும் ஒருநாள் வாய்தவறி யாரிடமாவது உளறிவிடுவார். அக்கா உளறியதில்லை.

அவள் பார்த்த வேலை அப்படிப்பட்டது. டாக்டர்கள் நோயாளியைப் பார்த்து முடித்ததும், கண்டதையும் சொன்னதையும் ஒரு சின்னக் கருவியில் பேசிவைப்பார்கள். அந்தக் குரல் ஒரு நிறுவனத்துக்குப் போகும். நிறுவனம் அதைத் துண்டு துண்டாகப் பிரித்து, வீட்டிலிருந்தே வேலை செய்யும் அறுபத்துச் சொச்சம் பேருக்கு அனுப்பும். அதைக் கேட்டு, பிழையில்லாமல் எழுத்தாக்கித் திருப்பி அனுப்ப வேண்டும். அக்கா பதினாறு வருடமாக இதைச் செய்துகொண்டிருந்தாள். முன்னறை ஜன்னலோரம் ஒரு மேசை, அதன்மேல் லேப்டாப், காதில் ஹெட்போன், காலடியில் தையல் மெஷினுக்கு இருப்பதுபோல் ஒரு மிதி. மிதித்தால் டாக்டர் பேசுவார். காலை எடுத்தால் வாயை மூடுவார். இப்படிச் சொன்னபடி கேட்கும் டாக்டர்கள் உலகத்தில் வேறு யாருக்கும் வாய்த்ததில்லை என்று அவள் வீட்டுக்காரர் சொல்வார். அவர் லிப்ட் மெக்கானிக். அவர் ஏறி இறங்கும் மாடிகளில் ஒரு லிப்டும் சொன்னபடி கேட்டதில்லை.

டாக்டர்களின் முகத்தை அக்கா பார்த்ததே கிடையாது. குரலை வைத்துப் பெயர் வைத்திருந்தாள். ஒருவர் இருமல் டாக்டர். ஊர் இருமலையெல்லாம் குணப்படுத்தியவர், தன் இருமலை விட்டுவைத்திருந்தார். ஒருவர் அவசர டாக்டர். ஒரு பெண் டாக்டர் 'கல்லீரல்' என்று சொல்லும்போதெல்லாம் எதையோ மெல்லும் சத்தம் கேட்கும்.

குரல் பதிவில் நோயாளியின் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். நிறுவனம் இதைப் பெரிய பாதுகாப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தது. ஆனால், 'வயது ஐம்பத்திரண்டு, பள்ளிக்கூடத்தில் மணி அடிக்கும் வேலை, கல்யாணத்தன்று கூரையிலிருந்து விழுந்ததில் இடது முழங்காலில் தழும்பு' என்று டாக்டர் சொன்னால், அப்படி எத்தனை பேர் இருக்க முடியும்? அக்கா மிதியிலிருந்து காலை எடுத்து, ஒரு நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு, மறுபடி மிதிப்பாள். அதோடு சரி.

ஒரே ஒரு தடவைதான் சறுக்கினாள். பேப்பர் பேனா கடைக்காரர், தவறி இவர்கள் வீட்டுக்கு வந்துவிட்ட ஒரு பார்சலை வாங்க வந்தார். அக்கா டீ கொடுத்தாள். ஒரு வாய் குடித்தவர் நிறுத்திவிட்டார்.

"சர்க்கரை போட மறந்துட்டீங்க போல."

அப்போதுதான் அக்காவுக்கே உறைத்தது. அவருக்குச் சர்க்கரை நோய் என்று முந்தாநாள்தான் டைப் செய்திருந்தாள். கை தானாகவே கிண்ணத்தைத் தாண்டிப் போயிருக்கிறது. "ஐயையோ, ஆமாங்க" என்று சர்க்கரைக் கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தாள். அவர் கிண்ணத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"பரவால்ல, இருக்கட்டும்" என்று எழுந்துபோனார். அன்றிலிருந்து அவர் இவர்கள் வீட்டுப் பக்கம் வரும்போது எதிர்ச்சாரிக்கு மாறிவிடுவார். அக்காவுக்கு ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. அதன்பிறகு வீட்டுக்கு யார் வந்தாலும் சர்க்கரையைத் தனியாக வைத்துவிட்டு, கண்ணை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வது வழக்கமாகிவிட்டது. தெருவில் சிலர் இதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டார்கள்.

இப்படி இருக்கும்போதுதான் நிறுவனத்திலிருந்து அந்தக் கடிதம் வந்தது. வேறு ஏதோ ஊரில், வேறு ஏதோ நிறுவனத்தில், ஒரு பெண் தன் லேப்டாப்பை பஸ் சீட்டில் வைத்துவிட்டு இறங்கிப்போய்விட்டாள். ஆயிரக்கணக்கான பேருடைய நோய்கள் பஸ்ஸோடு போய்விட்டன. செய்தி கேட்டு இவர்கள் நிறுவனத்துக்கு உதறல் எடுத்துவிட்டது. பத்து நாளைக்குள் எல்லோரும் வீட்டுக் கம்ப்யூட்டரின் டிஸ்க்கை மறையாக்கம், அதாவது என்கிரிப்ட், செய்தாக வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். நான்கு பக்கச் செய்முறையும் கூடவே வந்தது.

இந்த விவகாரத்துக்கு நிறுவனம் ஓர் ஒருங்கிணைப்பாளரை நியமித்திருந்தது. இளைஞர், சுறுசுறுப்பானவர். எதை எழுதினாலும் மூன்று ஆச்சரியக்குறி போடாமல் முடிக்க மாட்டார். போன் குழுவில் அவர் உத்தரவைப் போட்ட ஒரு மணி நேரத்துக்குள், "முடிந்தது", "முடிந்தது" என்று பதில்கள் வந்து குவிந்தன. ஒருத்தி "முடிந்தது" என்று போட்டுவிட்டு, கால் மணி நேரம் கழித்து, "மறையாக்கம்னா வைரஸ் பாக்கறதுதானே?" என்று கேட்டாள். ஆதாரத்துக்குத் திரையைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னார் ஒருங்கிணைப்பாளர். யாரோ ஒரு புண்ணியவதி உண்மையாகவே வேலையை முடித்துப் படம் எடுத்துப் போட்டாள். அவள் திரையின் பின்னணியில் சாம்பல் நிறப் பூனை ஒன்று கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தது. மறுநாள் பார்த்தால், அத்தனை பேர் கம்ப்யூட்டரிலும் அதே பூனை அதே கொட்டாவியை விட்டுக்கொண்டிருந்தது. "அருமை!!!" என்று எழுதினார் ஒருங்கிணைப்பாளர்.

அக்கா நான்கு பக்கத்தையும் படித்தாள். அவள் படித்த ஒரே காரணத்தால்தான் இத்தனை வில்லங்கமும் வந்தது.

படித்த பிறகுதான் அவளுக்கு ஒன்று புரிந்தது. லேப்டாப்பைத் திறக்கும்போது பாஸ்வேர்ட் கேட்கிறதே, அதை இத்தனை நாள் பெரிய காவல் என்று நம்பியிருந்தாள். அது வெறும் வாசல் கதவு. டிஸ்க்கைக் கழற்றி வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டினால், கதவைத் தட்டாமலே எல்லாவற்றையும் படித்துவிடலாம். மறையாக்கம் செய்துவிட்டால் டிஸ்க்கில் இருக்கும் ஒவ்வொரு எழுத்தும் குழம்பிப்போய்விடும். சாவி இல்லாதவனுக்கு அது குப்பை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு உட்கார்ந்தாள். செய்முறையில் சொன்னபடி முதலில் எல்லாவற்றையும் கையகல டிஸ்க் ஒன்றில் நகல் எடுத்து, அதையும் பூட்டினாள். பிறகு லேப்டாப்புக்கு வந்தாள். 'பயன்படுத்திய இடம் மட்டுமா, முழு டிஸ்க்குமா?' என்று திரை கேட்டது. கல்லூரியில் படிக்கும் மகளைக் கூப்பிட்டாள்.

"எது சீக்கிரம் முடியும்?"

"முதல் ஆப்ஷன். ஆனா நீ இத்தனை வருஷமா டைப் பண்ணி அழிச்சதெல்லாம் இருக்கேம்மா?"

"அழிச்சாச்சு இல்ல?"

"அழிச்சா போயிடாதும்மா. லிஸ்ட்ல பேரைத்தான் அடிக்கும். சரக்கு அங்கயேதான் கெடக்கும், வேற ஏதாவது அது மேல வந்து உக்கார்ற வரைக்கும்."

பதினாறு வருட நோய்கள் இத்தனை நாளும் இந்த மேசை மேலேயே கிடந்திருக்கின்றன. அக்கா, முழு டிஸ்க் என்பதை அழுத்தினாள்.

ஒரு சதவீதம். ஒரு சதவீதம். ரொம்ப நேரம் கழித்து, இரண்டு. மின்சாரம் நிற்கக்கூடாது, சார்ஜரைப் பிடுங்கக்கூடாது என்று எழுதியிருந்ததால் அவள் மேசையை விட்டு நகரவில்லை. வீட்டுக்காரர் இஸ்திரிப் பெட்டியோடு வந்து பிளக்குக்குக் கை நீட்டினார்.

"அதைத் தொட்டீங்கன்னா நடக்கறதே வேற" என்றாள்.

"சட்டை தேய்க்கணுமே."

"சுருக்கத்தோட போட்டுக்குங்க. ஞாயித்துக்கிழமை உங்களை யாரு பாக்கப் போறா?"

சாயங்காலம் ஐந்து மணிக்கு நிறுவனத்தின் படிவத்தை நிரப்ப வேண்டிய கெடு. 'முடிந்ததா? ஆம் அல்லது இல்லை' என்று ஒரே ஒரு கேள்விதான். அப்போது திரை அறுபத்திரண்டைக் காட்டிக்கொண்டிருந்தது. அக்கா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, 'அறுபத்திரண்டு சதவீதம்' என்று எழுதினாள். மறுநாள் குழுவில் அறிவிப்பு வந்தது: 'ஒரே ஒருவரைத் தவிர அனைவரும் வேலையை முடித்துவிட்டார்கள்!!!' அந்த ஒருவர் யார் என்று பெயரைப் போடாமல், எண்ணை மட்டும் போட்டிருந்தார்கள். எண் போட்டால் யாருக்கும் தெரியாது என்பது அவர்கள் நம்பிக்கை.

மறையாக்கம் முடிந்தபோது திரை அவளுக்கு ஒரு மீட்புச் சாவியைக் கொடுத்தது. ஆறாறு இலக்கமாக எட்டுத் தொகுதி, மொத்தம் நாற்பத்தெட்டு எண்கள். பாஸ்வேர்ட் மறந்தாலோ, கம்ப்யூட்டருக்கு ஏதாவது கோளாறு வந்தாலோ இதுதான் வழி. இதுவும் தொலைந்தால் செய்த கம்பெனிக்காரனே வந்தாலும் திறக்க முடியாது. கம்ப்யூட்டருக்குள்ளேயே வைக்காதே, தனியாக வை என்று செய்முறை சொன்னது. அக்கா இரண்டு தாளில் எழுதி, விரல் வைத்து மூன்று முறை சரிபார்த்தாள். ஒன்றைப் போர்வை அலமாரியில், அடித் தட்டில், குளிர்காலக் கம்பளிக்கு நடுவே வைத்தாள். இன்னொன்றை வெளியூரில் தையல் வேலை செய்யும் தன் அக்காவுக்குத் தபாலில் அனுப்பினாள். நான்காம் நாள் அந்தத் தையல்கார அக்கா போன் செய்தாள்.

"ஏண்டி, யாரோட அளவு இது? இடுப்பு எதுன்னே தெரியலையே."

"அளவு இல்லக்கா. பத்திரமா வெச்சுக்கோ. கேட்டா குடு."

"சரி" என்று தையல்காரி வைத்துவிட்டாள். அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. எல்லாச் சொந்தமும் இப்படி இருந்துவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

இதற்கிடையில் ஒருங்கிணைப்பாளருக்குப் புது யோசனை பிறந்தது. எல்லோருடைய மீட்புச் சாவியையும் ஒரே பட்டியலாகத் தொகுத்துத் தானே பாதுகாக்கப் போவதாகவும், ஆளுக்கு நாற்பத்தெட்டு எண்ணையும் குழுவிலேயே போட்டுவிடுமாறும் எழுதினார். பூனைப் படத்தைக் கடன் வாங்கியவர்கள் ஒருகணம் விழித்தார்கள். பிறகு வாய்க்கு வந்த எண்களை அடித்துவிட்டார்கள். ஒருத்தி எட்டுத் தொகுதியிலும் தன் பிறந்த தேதியையே போட்டிருந்தாள். பூனையின் சொந்தக்காரி மட்டும் உண்மையான சாவியைப் போட்டாள், அதிலும் அவசரத்தில் இரண்டு எண் இடம் மாறியிருந்தது. ஒருங்கிணைப்பாளர் அக்காவுக்குப் போன் செய்தார்.

"மேடம், உங்களது மட்டும்தான் வரலை."

"தம்பி, சாவியை ஊர் பார்க்க ஆணியில மாட்டிட்டா அப்புறம் பூட்டு எதுக்கு?"

"இது கம்பெனி பாலிசி மேடம்."

"நீங்க அனுப்பின நாலு பக்கத்துல மூணாவது பக்கம், யாருக்கும் அனுப்பாதேன்னு போட்டிருக்கு."

"அதை நீங்க படிச்சீங்களா?" என்றார், உண்மையான ஆச்சரியத்தோடு. சாயங்காலமே அவள் பெயருக்கு நேராக 'ஒத்துழைக்க மறுப்பு' என்று ஏறிவிட்டது.

நிறுவனத்தைச் சமாளித்துவிடலாம். குடும்பத்தைச் சமாளிப்பதுதான் கஷ்டம். இரண்டு தெரு தள்ளி இருந்த நாத்தனார், வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்கிறார் என்று ஒரு கம்பளி கேட்டு வந்தாள். அக்கா ஹெட்போனில் இருந்தாள்; "நீயே எடுத்துக்கோம்மா" என்று கையைக் காட்டிவிட்டாள். நாத்தனார் கம்பளியை எடுத்தாள். கூடவே தாளையும் எடுத்தாள். வெறும் எண்கள். பெயர் இல்லை, விவரம் இல்லை, துணிக்கு நடுவே ஒளித்து வைத்திருக்கிறது. போதாதா? வீட்டுக்குப் போய் முதல் பத்து எண்ணைப் போனில் அழுத்தினாள். கெட்ட நேரம், மணி அடித்தது. ஓர் ஆண் குரல், குழைந்து, "சொல்லுங்க மேடம், எப்ப வரட்டும்?" என்றது.

நாத்தனார் போனைக் கீழே போட்டுவிட்டாள்.

மறுநாள் சாயங்காலம் முன்னறையில் பஞ்சாயத்து கூடியது. தாள் மேசை மேல் இருந்தது. வீட்டுக்காரர் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அண்ணி, நான் தப்பா ஒண்ணும் சொல்லலை. யாரு அந்த ஆளு? அதை மட்டும் சொல்லுங்க."

"எந்த ஆளு?" என்றாள் அக்கா. அவளுக்கு நிஜமாகவே தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை.

மகள்தான் தாளைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்ததும் அதே பத்து எண்ணைத் தன் போனில் அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டாள்.

"சொல்லுங்க மேடம், எப்ப வரட்டும்?" என்றது அந்தக் குழைந்த குரல். "சோபாவா, கார்ப்பெட்டா?"

கார்ப்பெட் கழுவும் ஆள். அவர் பாவம், தன் எண் இன்னொருவருடைய டிஸ்க்கின் சாவிக்குள் ஒளிந்திருப்பது தெரியாமல், வீட்டுக்கு எத்தனை அறை என்று விசாரித்துக்கொண்டிருந்தார். மகள் நன்றி சொல்லி வைத்துவிட்டு, மறையாக்கம் என்றால் என்ன என்று அத்தைக்கும் அப்பாவுக்கும் விளக்கினாள்.

விளக்கியதில் வம்பு முடியும் என்று பார்த்தால், இன்னும் வளர்ந்தது.

"சரி, பூட்டு. ஒத்துக்கறேன்" என்றாள் நாத்தனார். "இவ்வளவு பெரிய பூட்டு போடற அளவுக்கு உள்ள என்னதான் இருக்கு?"

"வேலை."

"ஒரு தடவை காட்டுங்களேன்."

"முடியாதும்மா."

வீட்டுக்காரர் முதல்முறையாக வாயைத் திறந்தார். "எனக்குமா?"

"உங்களுக்கும்தான்."

இருபத்துமூன்று வருடக் கல்யாண வாழ்க்கையில் அவள் அவருக்குக் காட்டாமல் வைத்த முதல் பொருள் அது. அவர் மூன்று நாள் பேசவில்லை. லிப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களிடம்கூட வெளியிலிருந்து அன்பாக நாலு வார்த்தை பேசுகிறவர், சொந்த வீட்டில் தட்டை நகர்த்தி ஜாடையால் குழம்பு கேட்டார். அக்காவுக்குத் தொண்டை வரைக்கும் வந்தது, 'இந்தாங்க, பாத்துக்குங்க' என்று. தெருவே உள்ளே இருக்கிறது என்று நினைத்ததும் அதை மென்று விழுங்கிவிட்டாள்.

அடுத்த வாரம் நாத்தனார் தனியாக வந்தாள். மத்தியானம், வீட்டில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து. கம்பளியைத் திருப்பிக் கொடுத்தாள். உட்கார்ந்தாள். எழுந்தாள். மறுபடி உட்கார்ந்தாள்.

"அண்ணி, ஒண்ணு கேட்டா மறைக்காம சொல்வீங்களா?"

"கேளு."

"என்னோடது அதுல இருக்கா?"

அக்கா கம்பளியை மடியில் வைத்து மடித்தாள்.

"ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு டாக்டர்கிட்ட போனேன். அவருக்குக்கூட தெரியாது." அவர் என்றால் நாத்தனாரின் கணவர். "அன்னிலேர்ந்து உங்க கம்ப்யூட்டரைப் பாத்தாலே எனக்குப் படபடப்பு. உள்ள இருக்கா, இல்லையான்னு ஒரு தடவை பாத்துட்டா நிம்மதியா இருக்குமேன்னுதான்."

இருந்தது. இருமல் டாக்டர்தான் சொன்னார். இடது காது முழுக்கப் போய்விட்டது. வலது காதை வைத்துச் சமாளிக்கிறாள். வீட்டில் சொல்ல விருப்பமில்லை. வயதையும், வேலை பார்க்கும் கடையையும், அவள் சிரிக்கும் விதத்தையும் டாக்டர் சொல்லியிருந்தார்.

"எண்தாம்மா வரும், பேரு வராது" என்றாள் அக்கா. "யாரு எவருன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

நாத்தனார் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா, எப்போதும்போல, அவளுக்கு வலது பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு வருடமாக எந்தக் கல்யாண வீட்டிலும், எந்தப் பஸ்ஸிலும், அவள் வேறு பக்கம் உட்கார்ந்ததில்லை. நாத்தனார் நாற்காலியைப் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"ஆமாம், எப்படித் தெரியும்" என்றாள். போகும்போது வாசலில் நின்று, "அண்ணன்கிட்ட நான் பேசறேன். சும்மா முறுக்கிக்கிட்டுத் திரியறாரு" என்றாள். பேசியும் இருக்க வேண்டும். அன்றைக்கு வீட்டுக்காரர் வாய்விட்டே குழம்பு கேட்டார்.

எல்லாம் ஓய்ந்தது என்று அக்கா நினைத்த மாதத்தில்தான் லேப்டாப் திருட்டுப்போனது. புதுக் கண்ணாடி வாங்கக் கடைத்தெருவுக்குப் போய்விட்டுப் பதினொரு மணிவாக்கில் திரும்பினாள். பின்பக்க ஜன்னல் கொக்கி நெளிந்திருந்தது. லேப்டாப் இல்லை, இஸ்திரிப் பெட்டி இல்லை, ஒரு பை ஆப்பிளும் இல்லை. கையகல டிஸ்க், உருளைக்கிழங்குக் கூடைக்குள் இருந்ததால் தப்பித்தது.

போலீஸ்காரர் வந்தார். பின்னால் தெருவே வந்தது.

"உள்ள முக்கியமா ஏதாவது வெச்சிருந்தீங்களா?" என்று கேட்டார்.

அவள் பதில் சொல்வதற்குள் முன்னறையில் நின்றவர்கள் ஓர் அடி முன்னால் வந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே நின்றவர்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டார்கள்.

"இருந்தது சார். ஆனா எடுத்தவன் கையில அது ஒண்ணுமே இல்ல. என் பாஸ்வேர்ட் இல்லாம ஒரு எழுத்து படிக்க முடியாது."

அதை நம்புவதா வேண்டாமா என்று தெருவுக்குத் தெரியவில்லை. இரண்டு நாள் முழுக்க ஒவ்வொருவராக வந்தார்கள். யாரும் நேராகக் கேட்கவில்லை. ஒருவர் ஜன்னல் கொக்கி மாட்டித்தர வந்தார். ஒருத்தி ஆப்பிள் போய்விட்டதாமே என்று ஆப்பிள் கொண்டுவந்தாள். பள்ளிக்கூட மணியடிப்பவர் நொண்டிக்கொண்டே வந்து ஆறுதல் சொன்னார். கடைசியில் எல்லோரும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள்: "அந்தப் பூட்டு நெஜமாவே கெட்டியா?" கெட்டிதான் என்று அக்கா சொல்ல, அவர்கள் பெருமூச்சு விட்டார்கள். விட்ட உடனே, "எனக்கென்ன, எனக்கு ஒரு நோயும் கெடையாது, சும்மா கேட்டேன்" என்று சேர்த்துக்கொண்டார்கள்.

மாடிவீட்டுக்காரர் விவகாரம்தான் கொஞ்சம் வேறு. பத்து வருடமாக இதய நோயாளி. அதைச் சொல்லியே அலுவலகத்தில் இலகுவான நாற்காலி, வீட்டில் வேலையில்லாத ஞாயிறு என்று வாங்கி வைத்திருந்தார். அவர் படியில் நாலு தடவை நின்று மூச்சு வாங்கிக்கொண்டே இறங்கிவந்து, கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"என் இதயத்துல ஒண்ணும் இல்லைன்னு ஒரு டாக்டர் எழுதியிருக்கார். அது மட்டும் வெளியில போயிடாதே?"

"போகாது சார்."

"நல்லதும்மா" என்றவர், திரும்பும்போது இரண்டு இரண்டு படியாக ஏறினார்.

நிறுவனம் விசாரணை வைத்தது. டிஸ்க் பூட்டப்பட்டிருந்தது என்பதற்கு என்ன ஆதாரம் என்று ஒருங்கிணைப்பாளர் கேட்டார். ஆதாரம் லேப்டாப்பில் இருக்கிறது, லேப்டாப் திருடனிடம் இருக்கிறது என்றாள் அக்கா. பதிவேட்டைப் புரட்டினார்கள். படம் அனுப்பவில்லை. சாவி அனுப்பவில்லை. படிவத்தில் அறுபத்திரண்டு சதவீதம். ஒத்துழைக்க மறுப்பு. மற்ற அத்தனை பேருக்கும் பூனை சாட்சி இருந்தது. இவளுக்கு ஒரு நாதியும் இல்லை. வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள்.

அவள் முதல் நாள் அழுதாள். இரண்டாம் நாள் அலமாரிகளை ஒழித்தாள். மூன்றாம் நாள் காலையில், மேசைக்கு முன் உட்கார்ந்து, லேப்டாப் இல்லாமலே மிதியை மிதித்துக்கொண்டிருந்ததை மகள் பார்த்துவிட்டாள். அக்காவுக்கு இருமல் டாக்டர் நினைவாகவே இருந்தது. அவர் இருமலுக்கும் வாக்கியத்துக்கும் நடுவே வார்த்தையைக் கண்டுபிடிக்க வேறு யாராலும் முடியாதே என்று கவலைப்பட்டாள்.

முடியத்தான் இல்லை. அவருடைய குறிப்புகளைப் புதிதாக எடுத்துக்கொண்டவள் பூனைக்காரிகளில் ஒருத்தி. வலது காலில் அறுவை சிகிச்சை என்று அவர் சொன்னது இடது கால் என்று வந்தது. நல்லவேளை, நர்ஸ் ஒருத்தி கடைசி நேரத்தில் நோயாளியையே கேட்டுவிட்டாள். இருமல் டாக்டர் நிறுவனத்தைக் கூப்பிட்டு, இருமலைக்கூட நிறுத்திவிட்டு, "இதுக்கு முன்னாடி ஒருத்தங்க டைப் பண்ணாங்களே, அவங்க எங்க?" என்று கத்தினாராம். இருபதாம் நாள் அக்காவைத் திரும்பக் கூப்பிட்டார்கள். வருத்தம் தெரிவிக்கவில்லை, 'விசாரணை நிறைவுற்றது' என்று மட்டும் எழுதினார்கள்.

அதே வாரத்தில் இன்னொன்றும் நடந்தது. ஒருங்கிணைப்பாளர் பாதுகாத்துவந்த சாவிப் பட்டியலை, வேறு எதையோ அனுப்பப்போய், எல்லா ஆஸ்பத்திரிகளுக்கும் கைதவறி அனுப்பிவிட்டார். அறுபத்துச் சொச்சம் சாவிகள் ஊரெல்லாம் போயின. நிறுவனம் நடுநடுங்கி, வெளியிலிருந்து ஒரு நிபுணரை வரவழைத்தது. அவர் ஒரு வாரம் சோதித்துப் பார்த்துவிட்டு, பட்டியலில் உள்ள எந்தச் சாவியும் எந்தப் பூட்டையும் திறக்காது, ஆகவே ஆபத்து எதுவும் இல்லை என்று அறிக்கை கொடுத்தார். பட்டியலில் இல்லாத ஒரே சாவி அக்காவுடையது. 'நம் முன்னெச்சரிக்கையால் பெரும் இழப்பு தவிர்க்கப்பட்டது!!!' என்று எழுதினார் ஒருங்கிணைப்பாளர். எல்லோருக்கும் பாதுகாப்புச் சான்றிதழ் வந்தது. அக்காவுக்கு வரவில்லை; அவள் கணக்கில் இன்னும் முப்பத்தெட்டு சதவீதம் பாக்கி.

லேப்டாப்பைப் போலீஸ் பிறகு கண்டுபிடித்தது. பழைய சாமான் கடையில், எல்லாம் துடைக்கப்பட்டு, வெறுமையாக. கடைக்காரர் மூன்று நாள் திறக்கப் பார்த்து, முடியாமல், உள்ளே இருந்ததை அப்படியே அழித்துவிட்டாராம். அதில் இருந்தது என்னவென்று கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை. அக்கா புது லேப்டாப் வாங்கினாள். வாங்கிய அன்றே, பிளக்குக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, பூட்டினாள். இந்த முறை புது டிஸ்க் என்பதால் பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது.

வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்து மேசை மேல் வைத்தார். லிப்ட் வரைபடம் பார்க்கவும், சீட்டாட்டம் ஆடவும் வைத்திருப்பது.

"எனக்கும் ஒண்ணு போட்டுக் குடு."

"உங்களுக்கு எதுக்கு? உள்ள என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல" என்றார் அவர். "அது யாருக்கும் தெரிய வேணாம்."